முதலில் வெளிச்சம், பிறகு உருப்பெருக்கம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உயிரியல் ஆய்வுக்கூடங்களில் இந்தப் பழமொழிக்கு ஆண்டுதோறும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. நுண்ணோக்கியின் முன் குனிந்து நிமிரும் தோழியரில் பாதிப் பேர் சொல்வது, "ஒன்றுமே தெரியவில்லை, இந்த மைக்ராஸ்கோப் சரியில்லை" என்பதுதான். மற்றப் பாதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது தெரிந்ததா என்பது அவர்களுக்கே வெளிச்சம்! ஆனால் ஆடக் கற்றுத் தராமலே அந்தப் பெண்ணைக் கூடத்தில் நிறுத்தியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்க்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நுண்ணோக்கியைப் பற்றி மாணவியராகிய நமக்கு என்ன தெரியும்? கண்ணருகு வில்லை பத்து மடங்கு, பொருளருகு வில்லை நாற்பது மடங்கு, ஆக நானூறு மடங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். மேடைக்குக் கீழே இருக்கும் ஆடி, குவிப்பான், ஐரிஸ் திரை ஆகிய மூன்றையும் படம் வரைந்து, அம்புக்குறி இட்டு, அழகாகப் பெயர் எழுதவும் தெரியும். அந்த மூன்றையும் கையால் திருப்பிப் பார்த்தவர்கள் ஒரு வகுப்பில் எத்தனை பேர்? உருப்பெருக்கத்திற்குக் கொடுக்கும் மரியாதையில் கால் பங்கைக்கூட நாம் வெளிச்சத்திற்குக் கொடுப்பதில்லை. நுண்ணோக்கிப் பாடம் வெளிச்சத்தில் தொடங்க வேண்டும். அதையும் ஒவ்வொரு மாணவியும் தன் கையாலேயே திருத்திப் பழக வேண்டும் என்பது எங்கள் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து.

வெங்காயத் தோலையே எடுத்துக்கொள்வோம். உட்புறச் செதிலிலிருந்து உரித்த மெல்லிய தோலை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே கண்ணாடிச் சில்லு மூடிப் பார்க்கிறோம். தோலும் கண்ணாடி போல், தண்ணீரும் கண்ணாடி போல். ஐரிஸ் திரையை முழுவதும் திறந்து வைத்திருந்தால் கண் கூசும் வெள்ளை வட்டம் ஒன்றைத் தவிர வேறொன்றும் பெரிதாகத் தெரியாது. வெள்ளைத் தரையில் இட்ட வெள்ளைக் கோலம் உச்சி வெயிலில் கண்ணுக்குப் புலப்படுகிறதா? மாலையில் சாய்வெயில் விழும்போது அதே கோலம் இழை இழையாக எழுந்து நிற்கிறது. கோலமும் அதுவே, கண்ணும் அதுவே, மாறியது ஒளி வரும் விதம் மட்டுமே. ஐரிஸ் திரையைச் சற்றுச் சுருக்கியதும் செல் சுவர்கள் செங்கல் அடுக்கினாற்போல் வரிசையாகத் தெரிவதும் அப்படித்தான். மேடையை ஏற்றி இறக்கித் தேடிய தேடல் எல்லாம், கீழே இருக்கும் ஒரு சிறு நெம்புகோலை நகர்த்தியதும் முடிந்துவிடுகிறது!

அப்படியானால் சுருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். பலரும் செய்வது அதுதான். படம் கறுத்துக் கோடுகள் தடித்ததும், "ஆகா, தெளிவாகத் தெரிகிறது" என்று மகிழ்ந்து போகிறார்கள். இது பொய்த் தெளிவு. அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஒளி விளிம்புகளில் வளைந்து, ஒரு கோட்டின் பக்கத்தில் இல்லாத மறு கோடு ஒன்று முளைக்கும். வில்லையிலுள்ள தூசி எல்லாம் உயிர் பெற்று எழும். தண்ணீரில் சிக்கிய காற்றுக் குமிழி தடித்த கரிய வளையம் அணிந்துகொண்டு, "நானே செல்" என்று நடுவில் வந்து அமர்ந்துகொள்ளும். அதைப் பயபக்தியோடு வரைந்து, நடுவே ஒரு புள்ளியிட்டு நியூக்ளியஸ் என்று பெயரும் எழுதிவிடுகிற தோழியர் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. நாற்பது மடங்குப் பொருளருகு வில்லையின் பக்கவாட்டில் பெரும்பாலும் 0.65 என்று பொறித்திருப்பார்கள். எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை அந்த வில்லை வாங்கிக்கொள்ளும் என்பதைக் குறிக்கும் எண் அது. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.55 மைக்ரோமீட்டர், ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கீழே உள்ள குவிப்பானும் அதே அளவு அகன்ற ஒளிக்கூம்பை அனுப்பினால், 0.42 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளை நம்மால் இரண்டாகப் பிரித்துக் காண முடியும். ஐரிஸைக் கிட்டத்தட்ட மூடிவிட்டால் அந்த எல்லை 0.85 மைக்ரோமீட்டருக்குப் போய்விடும். அதாவது, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வில்லையின் திறமையில் பாதியை ஒரு விரல் அசைவில் பறிகொடுத்துவிடுகிறோம். நுண்ணோக்கியில் எவ்வளவு நுட்பமாகப் பார்க்க முடியும் என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் வகுத்த கோட்பாட்டின் வழி வருவது இக்கணக்கு. பள்ளியில் மடங்கைப் பெருக்கச் சொல்லித் தருகிறோம். இந்த வகுத்தலையும் சொல்லித் தந்தால் என்ன?

திறந்தாலும் தவறு, மூடினாலும் தவறு என்றால் எங்கே நிறுத்துவது? இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. ஸ்லைடைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகு கண்ணருகு வில்லையை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, வெறும் குழாய்க்குள் பார்க்க வேண்டும். அடியில் பௌர்ணமி நிலவு போல் ஓர் ஒளி வட்டம் தெரியும். ஐரிஸைச் சுருக்கச் சுருக்க, அந்த நிலவின் விளிம்பைச் சுற்றிலும் இருள் படர்ந்து வரும். வட்டத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கோ, நான்கில் மூன்று பங்கோ ஒளி மிஞ்சி இருக்கும்போது நிறுத்திவிட்டு, வில்லையைத் திரும்பப் பொருத்த வேண்டும். சாயம் ஏற்றிய ஸ்லைடுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கலாம்; சாயமில்லாத தோலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருக்கலாம். பொருளருகு வில்லையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வெளிச்சம் அதிகமாக இருக்கிறதே என்று ஐரிஸை மூடுவது மட்டும் கூடாது. அதற்கு விளக்கைத் தணிக்கலாம், ஆடிக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கலாம்.

ஆடியிலும் இரு முகம் உண்டு, ஒன்று சமதளம், மற்றொன்று குழிவு. குவிப்பான் உள்ள கருவியில் சமதள முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும். குவிப்பான் இல்லாத சிறு கருவியில் குழிவு முகமே ஒளியைக் குவித்துத் தரும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். ஆடியை நேராகச் சூரியனை நோக்கித் திருப்புவது மட்டும் எக்காலத்தும் ஆகாது, கண்ணுக்கே ஆபத்து. வெயில் படாத ஜன்னல் வழியே தெரியும் வானம் போதும்.

ஜன்னல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குவிப்பானைச் சரியாக உயர்த்தி வைத்தால் ஜன்னல் கம்பிகளின் உருவமே ஸ்லைடின் மேல் வந்து விழும். வெங்காயத் தோலின் குறுக்கே நேர் நேராகக் கறுப்புக் கோடுகள்! வெளியே வேப்பமரம் இருந்தால் அதன் கிளையும் சேர்ந்து ஆடும். விவரம் தெரியாத கண்ணுக்கு அதுவும் செல்லின் ஒரு பாகமே. குவிப்பானை இம்மியளவு கீழே இறக்கினால் கம்பிகள் கலைந்து போகும்.

நம் ஜன்னல் கம்பிகள் தரும் இதே தொல்லை, ஜெர்மனியில் ஓர் இளைஞருக்கு வேறு வடிவில் வந்தது. அவர் பெயர் ஆகஸ்ட் கோலர். 1866-இல் பிறந்த இவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். கீஸன் பல்கலைக்கழகத்தில் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் ஒருவகை நத்தையினத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நுண்ணோக்கியில் கண்டதைப் புகைப்படத் தகட்டில் பதிக்க வேண்டும். ஆனால் விளக்கை நேரே குவித்தால், விளக்கின் உருவமே பொருளின் மேல் விழுந்து ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் இருண்டும் போகும். கண் இதைப் பொறுத்துக்கொள்ளும்; புகைப்படத் தகடு பொறுக்காது. 1893-இல், தம் இருபத்தேழாம் வயதில், இதற்கு அவர் வழி கண்டார். விளக்கின் முன் ஒரு வில்லையை வைத்து, விளக்கின் உருவத்தைப் பொருளின் மேல் விழ விடாமல், குவிப்பானின் ஐரிஸில் விழச் செய்தார். விளக்கின் ஒவ்வொரு புள்ளியும் பொருளின் எல்லா இடத்திற்கும் ஒளி அனுப்பியது. ஏற்றத்தாழ்வு மறைந்தது, பொருள் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம். விளக்கின் அருகே மற்றோர் ஐரிஸும் வைத்தார். பார்க்கும் இடத்திற்கு மட்டும் ஒளியை அளந்து விட்டு, வேண்டாத ஒளி உள்ளே சிதறிப் படத்தை வெளுக்கச் செய்யாமல் தடுப்பது அதன் வேலை. 1900-இல் அவர் யேனா நகரிலுள்ள ஸைஸ் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆராய்ச்சி நுண்ணோக்கிகள் இன்றும் கோலர் முறையில்தான் ஒளியூட்டப்படுகின்றன. நம் பள்ளிக் கருவிகள் பலவற்றில் அந்த இரண்டாம் ஐரிஸ் இல்லை என்பது உண்மை. இருப்பதையாவது திருப்பிப் பார்க்கலாமல்லவா?

இன்னும் பின்னே போனால், "செல்" என்ற பெயரை நமக்குத் தந்த ராபர்ட் ஹூக் இருக்கிறார். 1665-இல் வெளிவந்த தம் "மைக்ரோகிராஃபியா" நூலின் முன்னுரையில் ஈயின் கண்ணைப் பற்றி அவர் சொல்வது வியப்புக்குரியது. ஒரு வெளிச்சத்தில் அது சிறு சிறு துளைகள் இட்ட சல்லடை போல் தெரிந்ததாம். வெயிலில் பொன் ஆணிகள் பதித்த தளம் போல் இருந்ததாம். இன்னொரு கோணத்தில் கூம்புகளின் வரிசையாகக் காட்சி தந்ததாம். ஒரே கண், ஒரே ஈ! ஆகவே பல வகை வெளிச்சங்களில் பல முறை பார்த்து, உண்மையான வடிவம் எது என்று தெளிந்த பிறகே படம் வரையத் தொடங்கியதாக அவர் எழுதுகிறார். வெளிச்சம் குறைந்த வேளையில் விளக்கின் முன் ஒரு கண்ணாடி உருண்டையில் நீர் நிரப்பி வைத்து ஒளியைக் குவித்துக்கொண்டார். நம் வேதியியல் அலமாரியில் உருண்டைக் குடுவைகள் சும்மாதானே உறங்குகின்றன!

இப்போது நம் ரெக்கார்டு நோட்டுக்கு வருவோம். பல பள்ளிகளில் நடப்பது என்ன? மூன்று நான்கு நுண்ணோக்கிகளில் ஆசிரியை ஸ்லைடுகளைச் சரிசெய்து வைக்கிறார். நாற்பது மாணவியர் வரிசையில் வருகிறார்கள். ஒருவருக்குச் சில விநாடிகள். "கையை வைக்காதே, குனிந்து பார், நகரு!" என்ற குரல் மேலே. பிறகு பாடநூலைத் திறந்து, அதிலுள்ள படத்தைக் கூர்மையான பென்சிலால் வரைந்து, "நுண்ணோக்கியில் கண்டது" என்று தலைப்பிட வேண்டியதுதான். அந்தப் படத்திற்கு மதிப்பெண் கிடைக்கிறது. தனக்குத் தெரிந்த மங்கலான நாலு கோட்டை உள்ளபடியே வரைந்த பெண்ணுக்குச் சிவப்பு மையில் "மீண்டும் வரைக" என்று கிடைக்கிறது. காணாததைக் கண்டேன் என்று எழுதினால் பரிசு, கண்டதைக் கண்டபடி எழுதினால் திருத்தம் என்று ஓர் ஆய்வுக்கூடம் நமக்குக் கற்றுத் தரலாமா? பெற்றோர்களே, உங்கள் மகளின் நோட்டில் இருக்கும் அழகிய படங்களைப் பார்த்துப் பெருமைப்படும்போது, "இதை நீ பார்த்தாயா?" என்று ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியைகளைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. கருவிகள் சில, கைகள் பல. உடைந்தால் யார் பதில் சொல்வது? அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்கலாமே! கண்ணருகே குனிந்தபடி பெரிய திருகைக் கண்மூடித்தனமாகத் திருகினால் பொருளருகு வில்லை ஸ்லைடில் மோதும். சில்லு நொறுங்கும், வில்லையில் கீறல் விழும். அதைத் தடுப்பது சரி. ஆடியைத் திருப்புவதாலோ, ஐரிஸ் நெம்புகோலை மெல்ல நகர்த்துவதாலோ எந்த ஸ்லைடும் உடையாது. "தொடாதே" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறோம்.

மூக்குக்கண்ணாடி அணிந்த தோழியரின் பாடு இதனினும் பரிதாபம். ஒருவர் கண்ணுக்குத் தெளிவாக்கி வைத்தது இன்னொருவர் கண்ணுக்குத் தெளிவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கிட்டப்பார்வை உள்ள பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், சிறிய திருகைக் கொஞ்சம் திருப்பினால்தான் அவளுக்கு உருவம் தெளியும். திருகையும் தொடக் கூடாது, ஒளியையும் தொடக் கூடாது என்றால் அவள் எதைக் காண்பாள்? அவள்தான் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துபோகிற அந்தப் பாதிப் பேரில் ஒருத்தி.

பிளஸ் டூ முடித்தால் நுண்ணோக்கிக்கும் நமக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நம் பள்ளிகளிலிருந்து மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சிக்குச் செல்லும் மாணவியர் குறைவா? அங்கே வெளிச்சம் என்பது மதிப்பெண்ணோடு முடிகிற காரியமன்று. மலேரியாவுக்காகச் சாயம் ஏற்றிய ரத்தப் பூச்சை எண்ணெய் விட்டு நூறு மடங்கு வில்லையில் பார்க்கும்போது குவிப்பானை மேலே உயர்த்தி, ஐரிஸை நன்கு திறக்க வேண்டும். சுருக்கி வைத்தால் சாயத்தின் வண்ணம் மங்கி, தூசியும் சாயப் படிவும் எடுப்பாகத் தெரியும். அடுத்த நிமிடமே அதே பெண், அதே நாற்காலியில், சிறுநீரின் படிவைப் பார்க்க வேண்டி வரும். இதற்குச் சாயம் இல்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உருவாகி வரும் கண்ணாடி போன்ற உருளைகள் அதில் இருக்கலாம். பிரகாசமான வெளிச்சத்தில் அவை கண்ணுக்கே படாமல் போய்விடும். ஒளியைத் தணித்துத் தேட வேண்டும். முன்னதற்கு வைத்த வெளிச்சத்தை மாற்ற மறந்தால், "ஒன்றுமில்லை" என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவாள். அந்தத் தாள் யாரோ ஒருவருடைய தாயின் கைக்கோ, குழந்தையின் மருத்துவரிடமோ போகும்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கோ சொல்லவே வேண்டாம். தலைச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் (1897-1984) செய்த வேலை, செல்களில் குரோமோசோம்களை எண்ணுவது. தோட்டக் கரும்பில் 80 குரோமோசோம்கள். காட்டுக் கரும்பிலோ வகைக்கு வகை 40 முதல் 128 வரை மாறும். இரண்டையும் கலந்து பெற்ற கலப்பினத்தில் எத்தனை என்பதை எந்தப் பாடநூலைப் புரட்டித் தெரிந்துகொள்வது? ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் அந்தக் குச்சிகளை ஒன்று, இரண்டு என்று தன் கண்ணால் பிரித்து எண்ண வேண்டும். 1945-இல் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து அவர் நூலாகவே வெளியிட்டார்.

இப்போது வரும் நுண்ணோக்கிகளில் ஆடி இல்லை, அடியிலேயே எல்.இ.டி. விளக்கு. பொத்தானைத் தட்டினால் வெளிச்சம். இனி இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு என்று எண்ண வேண்டாம். விளக்கு மாறினாலும் குவிப்பானும் ஐரிஸும் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றைத் திருத்தாமல் விளக்கை மட்டும் கூட்டிக் குறைப்பதால் கண் கூசுவது நிற்கலாம், உருவம் கூர்மையாகாது. ஐயம் இருந்தால் வீட்டிலுள்ள கைப்பேசியைக் கண்ணருகு வில்லையின் மேல் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நடுவில் வெளுப்பும் ஓரத்தில் இருளுமாக வந்தால், கோலரின் புகைப்படத் தகடு அன்று சொன்ன குறையையே கைப்பேசி இன்று சொல்கிறது.

ஆகவே, அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் நாங்கள் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. புதிய கருவி கேட்கவில்லை. வரும் ஜூன் மாதம் ஆய்வுக்கூடம் திறந்ததும் முதல் இரண்டு பாடவேளைகளை ஒளிக்கென்று ஒதுக்கித் தாருங்கள். பெரிய திருகை ஆசிரியையே பார்த்துக்கொள்ளட்டும். ஆடியையும் குவிப்பானையும் ஐரிஸையும் மாணவியரிடம் விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு வெங்காயத் துண்டு. ஐரிஸை முழுவதும் திறந்து ஒரு படம், முழுவதும் சுருக்கி ஒரு படம், குழாய்க்குள் பார்த்துத் திருத்தியபின் ஒரு படம் என மூன்று படங்கள் வரைகிறோம். பாடநூலை அன்று பையிலேயே வைத்துவிடுகிறோம். காற்றுக் குமிழி வந்தால் காற்றுக் குமிழி என்றே எழுதுகிறோம், ஜன்னல் கம்பி வந்தால் ஜன்னல் கம்பி என்றே எழுதுகிறோம். படம் கோணலாக இருந்தாலும், அந்த மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.